இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு முதியவரின் ஊட்டச்சத்தை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எலும்பு வார்டில் காலை ரவுண்ட்ஸில் தினமும் நடக்கும் பேச்சு இது. "பாட்டி சாப்பிடுறாங்களா?" "சாப்பிடுறாங்க டாக்டர்." கேஸ் ஷீட்டில் 'சாப்பாடு: சாதாரணம்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

அப்படிச் 'சாதாரணம்' என்று எழுதப்பட்ட ஒரு பாட்டியை ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். வயது 78. பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்து, பாதி மூட்டு மாற்றியிருந்தார்கள். தியேட்டருக்குப் போகும்போது கழற்றி வாங்கிய மோதிரத்தை மகள் அன்றைக்குத்தான் திரும்பப் போட்டுவிட்டுக் கொண்டிருந்தார். மோதிரத்தின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை நூல், கெட்டியாகச் சுற்றியிருந்தது. "இது எப்ப சுத்துனது பாட்டி?" என்று கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடிம்மா. கழண்டு கழண்டு விழுந்துது." நாங்கள் பேசியது ஜூன் மாதம். பாட்டி விழுவதற்கு ஆறு மாதம் முன்பே உடம்பு கரையத் தொடங்கியிருக்கிறது. அந்த நூல் சொன்னது கேஸ் ஷீட்டில் ஒரு வரி கூட இல்லை.

நான் மருத்துவமனை உணவியலாளர். வார்டு சிஸ்டர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வரும் உணவியல் மாணவர்களுக்கும், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகன், மகள், மருமகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இதில் பாதி வேலைக்கு இஞ்ச் டேப்பும் ஒரு நோட்டும் போதும்.

ஏன் இவ்வளவு அக்கறை வேண்டும்? முறிவு, ஆபரேஷன், காயம் எல்லாம் சேர்ந்து உடம்பைத் தன் தசையையே கரைத்துச் செலவு செய்ய வைக்கின்றன. அதோடு படுக்கையும் சேர்ந்தால், வாக்கர் பிடித்து எழுந்து நிற்க வேண்டிய தொடைத் தசைதான் முதலில் போகும். தையல் ஆறுவது, படுக்கைப் புண் வராமல் இருப்பது, சளி பிடித்து நிமோனியா ஆகாமல் இருப்பது எல்லாமே சாப்பாட்டோடு கட்டிப்போட்டவை. வேல்ஸின் கார்டிஃப் நகரில் இடுப்பு முறிந்த 65 வயது தாண்டிய பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2006-ல் வெளியானது. ஒரு குழுவினருக்குச் சாப்பாட்டைக் கவனிக்க மட்டும் தனியாக உதவியாளர்களை வைத்தார்கள். பிடித்ததைக் கேட்டு வாங்கித் தருவது, தட்டை எட்டும்படி வைப்பது, ஊட்டிவிடுவதுதான் அவர்கள் வேலை. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 10.1 சதவீதம் பேர் வார்டிலேயே இறந்தார்கள். உதவியாளர் இருந்த குழுவில் அது 4.1 சதவீதம். மருந்து எதையும் மாற்றவில்லை.

படி 1: அட்மிஷன் ஆன 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள்

"ஆபரேஷன் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். இதய டாக்டர் ஒப்புதல் வரவில்லை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை நிறுத்தி நாள் ஆகவில்லை, தியேட்டர் காலியில்லை என்று ஆபரேஷன் தள்ளிப்போவது சகஜம். தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் நோயாளி முந்தைய நாள் இரவிலிருந்து பட்டினி. நான் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் நோட்டின் முதல் வரியில் 'வெறும் வயிற்று நேரம்' என்று எழுதிக் கூட்டிக்கொண்டே வருவேன். விழுந்த நாள் வலியில் சாப்பிடாதது, இரண்டு முறை பட்டினி போட்டது, ஆபரேஷன் நாள், மறுநாள் குமட்டல் என்று கூட்டினால் நான்கு நாள் சுலபமாக வந்துவிடும்.

திட உணவை ஆறு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்தை இரண்டு மணி நேரம் முன்பு வரை தரலாம் என்பதுதான் மயக்க மருந்துத் துறையின் இன்றைய பொதுவான வழிமுறை. குடலில் பிரச்சினை இருப்பவர்களுக்கு அது மாறும். உங்கள் மயக்க மருந்து டாக்டரிடம் நேரம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "நைட்டிலிருந்து ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று வாய்வழியாக வரும் உத்தரவில் பல மணி நேரம் வீணாகப் போகிறது.

படி 2: விழுவதற்கு முந்தைய ஆறு மாதத்தைத் தோண்டுங்கள்

"பசிக்குதா? நல்லா சாப்பிடுவீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுவேன்" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேளுங்கள். விழுந்ததற்கு முந்தைய நாள் காலை எழுந்ததிலிருந்து என்ன குடித்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது, எத்தனை இட்லி, குழம்பா ரசமா, பால் காபிக்கு மட்டுமா என்று ஒவ்வொன்றாக.

எடை பற்றி எண் தெரியாதவர்களிடம் துணியையும் நகையையும் கேளுங்கள். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தீர்களா? வளையல் முழங்கை வரை போகிறதா? தாத்தாவின் வேட்டி நிற்க பெல்ட் தேவைப்படுகிறதா? பல்செட் திடீரென்று தளர்ந்ததா? கையில் பழைய ஓ.பி. சீட்டு இருந்தால் தேடச் சொல்லுங்கள். பிரஷர் பார்க்கப் போனபோது ஒரு மூலையில் எடை எழுதியிருப்பார்கள். அந்தப் பாட்டியின் மகள் பையைக் கொட்டித் தேடி, டிசம்பர் மாதச் சீட்டு ஒன்றை எடுத்தார். 46 கிலோ.

இன்னொன்றையும் கேட்கத் தயங்காதீர்கள்: யார் வீட்டில் இருந்தார்? மாதம் ஒரு பிள்ளை வீடு என்று மாறி மாறி இருக்கும் பெற்றோர் நம் ஊரில் நிறைய. மூத்தவர் வீட்டில் ஒரு கிலோ, இளையவர் வீட்டில் ஒரு கிலோ என்று குறையும்போது யார் கண்ணிலும் படாது. யார் மேலும் குறை சொல்லும் தொனி வராமல் கேட்டால் உண்மை வெளியே வரும். தனியாக இருப்பவர் என்றால் ஒரு வேளை சமைத்து மூன்று வேளையும் ரசம் சாதமே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

படி 3: படுக்கையில் இருப்பவரை அளப்பது

எடை: நிற்க முடியாதவருக்கு வீல்சேர் ஸ்கேல் இருந்தால் நல்லது. அது இல்லாவிட்டாலும் பெரிய தள ஸ்கேல் ஒன்று கிடைத்தால் போதும். வீல்சேரோடு சேர்த்து எடை பார்த்து, பிறகு காலி வீல்சேரின் எடையைக் கழியுங்கள். பிஸியோதெரபிஸ்ட் முதல்முறை உட்கார வைக்கும் நாளே இதற்குச் சரியான நாள். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஐ.வி. திரவம் ஒரு லிட்டர் உடம்பில் தங்கினால் எடை ஒரு கிலோ கூடும். கணுக்காலில், முதுகின் அடிப்பகுதியில் அழுத்திப் பார்த்து நீர்க்கோவை இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். நான்காம் நாள் பாட்டியின் எடை 42 கிலோ. பாதம் லேசாக வீங்கியிருந்தது. ஆகவே உண்மையான எடை அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

உயரம்: முதுகு கூனிய முதியவரின் உயரத்தை நிற்க வைத்து அளந்தாலும் சரியாக வராது. கையை அளந்து கணக்குப் போடலாம். ஒரு கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்தடிக் குழியின் நடுவிலிருந்து நடுவிரலும் மோதிர விரலும் பிரியும் இடம் வரை இஞ்ச் டேப்பால் சென்டிமீட்டரில் அளங்கள். பெண்களுக்கு அதை 1.35-ஆல் பெருக்கி 60.1 கூட்டுங்கள். ஆண்களுக்கு 1.40-ஆல் பெருக்கி 57.8 கூட்டுங்கள். பாட்டிக்கு 68 செ.மீ. வந்தது. 68 × 1.35 = 91.8, அதோடு 60.1 சேர்த்தால் 151.9, அதாவது 152 செ.மீ. இதை வைத்துப் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) போட்டால் 18.2. இந்தச் சூத்திரம் ஐரோப்பியர்களை வைத்து உருவானது, ஓரிரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். முடிவெடுக்க அது போதும்.

கெண்டைக்கால்: ஆபரேஷன் ஆன கால் வீங்கியிருக்கும், அதை அளக்கவே கூடாது. மற்றக் காலை முழங்கால் மடித்த நிலையில், பருத்த இடத்தில், தோலை இறுக்காமல் அளங்கள். 31 செ.மீ.க்குக் குறைந்தால் சத்துக்குறைவின் அடையாளம். தசைக் குறைவைச் சல்லடை போட்டுப் பார்க்க ஆசிய வல்லுநர் குழு 2019-ல் சொன்ன அளவு இன்னும் கடுமையானது: ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33. அளக்கும்போதே ஒரு கெண்டைக்கால் மட்டும் கல் போல வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் டேப்பை வைத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம்.

எடை பார்க்கவே வழியில்லை என்றால் மேல்கையின் நடுப்பகுதியை அளங்கள். 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பி.எம்.ஐ. 20-க்குக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். கைப்பிடி வலிமை பார்க்கும் கருவி பிஸியோ பிரிவில் கிடைத்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்பது ஆசிய வரம்பு. படுத்தபடியே செய்யலாம், இடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

படி 4: மதிப்பெண் போடுவது, அதிலுள்ள பொறி

முதியவர்களுக்கென்றே உருவாக்கிய கருவி மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட். அதன் குறுகிய வடிவத்தில் ஆறு கேள்விகள், மொத்தம் 14 மதிப்பெண். 12 முதல் 14 வரை நல்ல நிலை, 8 முதல் 11 வரை ஆபத்து இருக்கிறது, 7-ம் அதற்குக் கீழும் சத்துக்குறைவு.

கேள்விகள் இவை. கடந்த மூன்று மாதத்தில் சாப்பாடு மிகவும் குறைந்ததா (0), ஓரளவு குறைந்ததா (1), குறையவில்லையா (2). அதே மூன்று மாதத்தில் எடை 3 கிலோவுக்கு மேல் குறைந்தால் 0, தெரியாது என்றால் 1, 1 முதல் 3 கிலோ என்றால் 2, குறையவில்லை என்றால் 3. நடமாட்டம்: படுக்கை அல்லது நாற்காலியோடு சரி என்றால் 0, வீட்டுக்குள் மட்டும் என்றால் 1, வெளியே போய் வருவார் என்றால் 2. மூன்று மாதத்துக்குள் மன உளைச்சலோ தீவிர நோயோ இருந்தால் 0, இல்லாவிட்டால் 2. மறதி நோய் அல்லது மனச்சோர்வு கடுமையாக இருந்தால் 0, லேசான மறதி என்றால் 1, இல்லை என்றால் 2. கடைசியாகப் பி.எம்.ஐ.: 19-க்குக் கீழ் 0, 19 முதல் 21-க்குள் 1, 21 முதல் 23-க்குள் 2, 23-ம் அதற்கு மேலும் 3. பி.எம்.ஐ. கிடைக்காதபோது மட்டும் கெண்டைக்கால்: 31-க்குக் குறைந்தால் 0, இல்லையென்றால் 3.

பொறி எங்கே என்றால், இடுப்பு முறிந்து படுத்திருக்கும் யாருக்கும் நடமாட்டத்தில் 0, தீவிர நோயில் 0. கையில் நான்கு மதிப்பெண் போய்விடுகிறது. நேற்று வரை நன்றாகச் சாப்பிட்டு, வயலுக்குப் போய் வந்த திடமான தாத்தாவுக்கும் 10-க்கு மேல் வராது. எல்லாருமே 'ஆபத்து' பட்டியலில் வந்தால் வார்டில் யாரும் அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் நான் இரண்டு முறை போடுவேன்: இன்றைய நிலைக்கு ஒன்று, விழுவதற்கு முந்தைய நாளின் நிலைக்கு ஒன்று. பாட்டிக்கு இன்றைய மதிப்பெண் 4. கோவிலுக்கும் கடைக்கும் போய் வந்துகொண்டிருந்த அந்தப் பழைய நாளுக்குப் போட்டாலும் 8-தான். இந்த இரண்டாவது எண் அதிகாரப்பூர்வமானது இல்லை, ஃபாரத்தில் முதல் எண்ணையே எழுத வேண்டும். ஆனால் பிரச்சினை விழுந்ததால் வந்ததா, பிரச்சினையால் விழுந்தாரா என்று எனக்குச் சொல்வது இரண்டாவதுதான்.

உங்கள் மருத்துவமனையில் என்.ஆர்.எஸ். 2002 என்ற இன்னொரு மதிப்பெண் கருவியைப் பயன்படுத்தினால், 70 வயது ஆனதற்கு 1, இடுப்பு முறிவுக்கு 1 என்று இரண்டு புள்ளியோடுதான் நோயாளி உள்ளே வருகிறார். மூன்று வந்தால் கவனிப்பு தேவை. எது கையில் இருக்கிறதோ அதைப் போடுங்கள், கருவியைப் பற்றிய விவாதத்தில் நாளைக் கழிக்க வேண்டாம்.

சல்லடையில் சிக்கியவருக்குச் 'சத்துக்குறைவு' என்று பெயர் வைக்க 2019-ல் வெளியான கிளிம் அளவுகோல் உதவும். உடம்பில் தெரியும் அடையாளம் ஒன்று, காரணம் ஒன்று இருக்க வேண்டும். முறிவும் ஆபரேஷனும் காரணத்தைக் கொடுத்துவிடும். அடையாளமாக, ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருக்க வேண்டும், அல்லது ஆசியர்களில் 70 வயதானவருக்குப் பி.எம்.ஐ. 20-க்குக் கீழ் இருக்க வேண்டும், அல்லது தசை குறைந்திருக்க வேண்டும். பாட்டி 46-லிருந்து 42-க்கு வந்தது கிட்டத்தட்ட 9 சதவீதம். கேஸ் ஷீட்டில் 'சத்துக்குறைவு' என்று நோய்ப் பட்டியலிலேயே எழுதச் சொன்னேன். அங்கே எழுதினால்தான் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும்.

படி 5: தட்டைப் பாருங்கள்

எனக்குக் கையில் ஒரே ஒரு படிதான் தருகிறார்கள் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மூன்று நாள். ஒவ்வொரு வேளையும் கொடுத்தது என்ன, மீதி என்ன. முழுதும், முக்கால், பாதி, கால், ஒன்றுமில்லை என்று ஐந்தில் ஒன்றை எழுதினால் போதும், கிராம் கணக்கு வேண்டாம். யார் எழுதுவது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். காலையில் மகள், இரவில் பேரன் என்று ஆள் மாறுவதால் நோட்டைக் கட்டில் கம்பியிலேயே கட்டிவிடுங்கள். தட்டை எடுக்க வரும் ஆயாம்மாவிடமும் சொல்லி வையுங்கள். யாரும் பார்க்காத மீதியைப் பார்ப்பவர் அவர்தான். என் அனுபவத்தில் மிகச் சரியான தகவல் அவரிடமிருந்தே வந்திருக்கிறது.

பாட்டியின் ஒரு நாள் இது. காலையில் இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. மதியம் ரசம் சாதம் ஒரு கப். மாலை காபி, இரண்டு பிஸ்கட். இரவு ஒரு இட்லி, அரை டம்ளர் பால். மகள் சொன்னது பொய்யில்லை, நான்கு வேளையும் சாப்பிட்டிருக்கிறார். இனிப் புரதத்தைக் கணக்கிடுவோம். ஒரு இட்லிக்கு ஏறக்குறைய 2 கிராம், ஆக மூன்று இட்லியில் 6. சாதத்தில் 3. காபியில் இருந்த பாலும் பிஸ்கட்டும் சேர்த்து 3. இரவுப் பால் 3. மொத்தம் 15 கிராம். கலோரி 700-ஐத் தொடவில்லை.

நடுவில் ஒரு பிளாஸ்க் ஆட்டுக்கால் சூப் வந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எலும்பு சேர ஆட்டுக்கால் சூப் என்ற நம்பிக்கையில் விடிகாலையில் கடைக்குப் போய் வாங்கி, மணிக்கணக்கில் வேக வைத்துக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். வாய்க்கு ருசி, உடம்புக்குத் தண்ணீர், தாராளமாகத் தரலாம். ஆனால் சாறில் இறங்கும் புரதம் பெரும்பாலும் ஜெலட்டின், தசை கட்ட அது போதாது. ஒரு பெரிய டம்ளர் சூப் வயிற்றை நிரப்பிவிட்டால் அடுத்து வரும் முட்டைக்கு இடமில்லாமல் போகும். அதனால் சூப்பைச் சாப்பாட்டுக்கு முன்பு கொடுக்காமல் இடைவேளையில், சின்ன டம்ளரில் கொடுக்கச் சொல்வேன். சத்துமாவு பானங்களும் அப்படியே. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம் என்று படியுங்கள். பல டப்பாக்களில் மாவும் சர்க்கரையும்தான் அதிகம்.

படி 6: ஏன் சாப்பிடவில்லை என்று கண்டுபிடியுங்கள்

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடியுங்கள். பல்செட் ஆபரேஷனுக்குக் கழற்றியதோடு சரி, இன்னும் பீரோ மேல் டப்பாவில் இருக்கும். அல்லது நாக்கில் தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படலம் இருக்கும். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வரும் பூஞ்சைத் தொற்று அது, மருந்து போட்டால் இரண்டு மூன்று நாளில் சாப்பாடு இறங்கத் தொடங்கும்.

தண்ணீர் குடித்தபின் இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம், ஊட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பேசாமல், தூங்கி வழிந்துகொண்டு, வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் வைத்திருக்கிறாரா? "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் வரும் மூளைக் குழப்பம் எப்போதும் கத்திக் கலாட்டா செய்வதாக இருக்காது, அமைதியாகவும் வரும். ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் இப்படித்தான் இருப்பார்கள். பல நாள் உப்பில்லாக் கஞ்சியும், பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் சோடியம் இறங்க வாய்ப்பு உண்டு.

வலி மாத்திரையால் குமட்டலும் மலச்சிக்கலும் வரும். வயிறு கட்டியவருக்குப் பசிக்காது. கடைசியாக எப்போது வயிறு போனது என்று கேட்காத மதிப்பீடு அரைகுறை.

இதோடு ஒட்டிய ஒரு விஷயத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அந்தப் பாட்டி மகள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நிறைய சாப்பிட்டா பெட் பான் வைக்கச் சொல்லணும்மா. ராத்திரியில மருமகப் பொண்ணை எழுப்ப மனசு வரல." தண்ணீரையும் அதே காரணத்துக்காகக் குறைத்திருந்தார். பசி இருந்தும் அளந்து சாப்பிட்டிருக்கிறார். இந்தக் கேள்வியைத் தனியாக இருக்கும்போது கேளுங்கள். பெண்களிடம் பெண் ஊழியர் கேட்டால் நல்லது. தீர்வும் எளிது: குறித்த நேரத்தில், கேட்காமலே, பெட் பான் அல்லது கமோடு நாற்காலி கொண்டுவந்து நிறுத்துவது. அதற்கு அடுத்த நாள் பாட்டி மதியம் முக்கால் தட்டு சாப்பிட்டார்.

அப்புறம் பத்தியம். பருப்பு சாப்பிட்டால் தையலில் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, மீன் அரிப்பு, தயிர் சளி என்று பெரியவர்கள் சொல்வது ஒவ்வொன்றாகப் போனால் தட்டில் மிஞ்சுவது ரசமும் சாதமும்தான். ஆபரேஷன் புண்ணில் சீழ் வைப்பது கிருமியால், பருப்பால் இல்லை. காயம் ஆறத் தேவையான புரதம் அந்தப் பருப்பிலும் முட்டையிலும்தான் இருக்கிறது. இதை வாதமாகச் செய்யாதீர்கள். வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அவரை உட்கார வைத்து, ஆபரேஷன் செய்த டாக்டர் வாயாலேயே "பருப்பு, முட்டை கொடுங்க" என்று சொல்ல வையுங்கள். நான் பத்து முறை சொல்வதைவிட அது வேலை செய்கிறது. உண்மையான ஒவ்வாமை, சைவம், விரத நாட்கள் எல்லாவற்றையும் அப்படியே மதித்து எழுதிக்கொள்ளுங்கள். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் பால், தயிர், பன்னீர், நிலக்கடலை என்று வழி இருக்கிறது.

படி 7: ரத்தப் பரிசோதனையை எப்படிப் படிப்பது

ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால் "புரதம் குறைவு, முட்டை வெள்ளைக்கரு கொடுங்க" என்பது வார்டில் வழக்கம். இதில் கவனம் தேவை. முறிவும் ஆபரேஷனும் கிளப்பிவிடும் அழற்சியிலேயே ஆல்புமின் சட்டென்று இறங்கும், ஐ.வி. திரவமும் அதை நீர்த்துப்போக வைக்கும். நன்றாகச் சாப்பிட்டவருக்கும் குறையும். எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு நார்மலாகவும் வரும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆல்புமின் குறைவு என்பது நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று சொல்லும், தட்டில் என்ன இருந்தது என்று சொல்லாது.

ஹீமோகுளோபின் ஆபரேஷனில் ரத்தம் போவதால் இறங்கும். முந்தைய அளவோடு ஒப்பிட்டால்தான் பழைய ரத்தசோகையா என்று தெரியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர், அல்சர் மாத்திரையை விடாமல் போடுபவர், இறைச்சி, மீன், முட்டை தொடாதவர் என்றால் வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவு நம் வெயிலிலும் பலருக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. அதற்கு எழுதிக் கொடுக்கும் 60,000 யூனிட் சாஷே பெரும்பாலும் வாரம் ஒன்றுதான். தினம் ஒன்று என்று நினைத்துப் பாலில் கலக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது விஷமாகும். சீட்டில் கிழமையை எழுதிக் கொடுங்கள். கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போட வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

படி 8: தேவைக்கும் கிடைப்பதற்கும் உள்ள பள்ளம்

முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 கலோரி என்பது தொடக்கக் கணக்கு. புரதம், இந்த மாதிரி நேரத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். பாட்டியின் 42 கிலோவுக்கு 1,260 கலோரி, 50 முதல் 63 கிராம் புரதம். கிடைத்துக்கொண்டிருந்தது 15 கிராம். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மகளிடம் காட்டினேன். அதுவரை சொன்ன எதையும்விட அதுதான் அவருக்குப் புரிந்தது.

பள்ளத்தை அவர் வீட்டுச் சமையலிலேயே நிரப்பினோம். இரண்டு முட்டை, 12 கிராம். கூடுதலாக ஒரு டம்ளர் பால், 6. குழைய வேக வைத்த கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், 6. தயிர் ஒரு கிண்ணம், 4. காலைக் கஞ்சியில் பொட்டுக்கடலை மாவு 25 கிராம், 5. முள் எடுத்த மீன் சின்னத் துண்டு ஒன்று, 10. பழைய 15-ஐயும் சேர்த்தால் 58. தட்டின் அளவு பெரிதாகவில்லை, ரசத்தின் இடத்தில் பருப்பு வந்தது, அவ்வளவே. சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டதும் கலோரி ஏறியது. எல்லாவற்றையும் மூன்று வேளையில் திணிக்காமல் ஆறாகப் பிரித்தோம்.

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென், இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆன முதியவர் யாராக இருந்தாலும், சத்து நிலை எப்படி இருந்தாலும், கூடுதல் சத்துப் பானம் தர வேண்டும் என்கிறது. நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். மதிப்பெண் போடுவது யாருக்குத் தரலாம் என்று வடிகட்ட இல்லை, யாரை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். பானம் வாங்க வசதி இல்லாதவருக்குப் பால், முட்டை, பொட்டுக்கடலை, நிலக்கடலையிலேயே செய்துகொள்ளலாம்.

மூன்று இடத்தில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். பல நாள் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாதவர், மிகவும் மெலிந்தவர், மதுப்பழக்கம் உள்ளவர் ஆகியோருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயம் தடுமாறலாம். டாக்டரிடம் சொல்லி, ரத்தம் பார்த்து, தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, மெதுவாக ஏற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரத அளவைச் சிறுநீரக டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சர்க்கரை நோயாளி பாதிச் சாப்பாடு சாப்பிட்டுப் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். தட்டு நோட்டை இன்சுலின் எழுதும் டாக்டரிடம் காட்டுங்கள்.

திரவமும் உணவுதான். பெண்களுக்கு நாளுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் குடிப்பது பொது அளவு. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவே அளவு.

சாப்பிட உட்கார வைப்பதையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டு மாற்றியவர் இடுப்பை அதிகம் மடக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அப்படியானால் தரையில் இலை போட்டுச் சாப்பிடுவதும், குட்டையான ஸ்டூலில் உட்கார்ந்து குனிவதும் கூடாது. உயரமான நாற்காலி, நெஞ்சு மட்டத்துக்கு வரும் மேசை வேண்டும். வீட்டில் அப்படி மேசை இருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள்.

படி 9: வீட்டுக்குப் போன பிறகு

வார்டில் ஏறிய தட்டு வீட்டில் இறங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஐந்து விஷயம் எழுதச் சொல்லிக் கேளுங்கள்: இன்றைய எடை, மற்றக் காலின் கெண்டைக்கால் அளவு, மதிப்பெண், தினசரிப் புரத இலக்கு, அடுத்து எடை பார்க்கும் தேதி. தையல் பிரிக்க வரும் நாள், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் என்று எப்படியும் மருத்துவமனைக்கு வரத்தான் போகிறார்கள். அந்த நாட்களிலேயே எடையும் கெண்டைக்காலும் பார்த்துவிடலாம். வீட்டில் வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரே ஸ்கேலில் எடை பாருங்கள். முதல் வாரம் எடை குறைந்தால் பயப்பட வேண்டாம், வீக்கம் வடிவதாக இருக்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தாலோ, மூன்று நாள் சேர்ந்தாற்போல் பாதித் தட்டுக்கு மேல் இறங்காவிட்டாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, பின்பக்கமும் குதிகாலும் சிவந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

பாட்டி ஆறாவது வாரம் வாக்கரில் நடந்து வந்தார். எடை 43.2 கிலோ, பாதத்தில் வீக்கம் இல்லை. கெண்டைக்கால் 28.5-லிருந்து 29 ஆகியிருந்தது. மோதிரத்தில் நூல் அப்படியே இருந்தது. தட்டு நோட்டை மகள் கையோடு கொண்டுவந்திருந்தார், இரண்டு நாள் மட்டும் விட்டுப்போயிருந்தது. மூன்றாம் மாத எக்ஸ்ரே தேதிக்குப் பக்கத்திலேயே அடுத்த எடை பார்க்கும் தேதியையும் எழுதிக் கொடுத்தேன்.